எந்த பி?

நாத்தனார் வீட்டுக்கு வந்தால் முதலில் அவள் மூக்குதான் உள்ளே வரும். அடுப்பில் என்ன கொதிக்கிறது, அதில் எது தூக்கல், எது மட்டம் என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லி முடித்துவிடுவாள். அன்றைக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. கூடத்தில் சம்மணம் போட்டு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த பொடிசுகளைப் பார்த்தாள். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க, டீச்சருக்குத் தலைவலி" என்றாள். பிள்ளைகளுக்குக் கசக்குமா? பையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டன. தனக்குத் தலைவலி என்பது டீச்சருக்கே அப்போதுதான் தெரியும்.

டீச்சர் என்றால் பெரிய பள்ளிக்கூட டீச்சர் இல்லை. அந்த அடுக்குமாடிக் கட்டடத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவள். கட்டடத்தில் அவளுக்குப் பெயரே டியூஷன்தான். நாத்தனார் அவள் கணவனின் அக்கா. கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போகிற வேலை. அவள் தள்ளுகிற வேகத்தைப் பார்த்து அங்கே அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"கதவைச் சாத்து" என்றாள்.

"என்ன அண்ணி? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எனக்கு இங்கிலீஷ் படிக்கச் சொல்லிக் குடு."

டியூஷன் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது? மின்சார ஆபீசுக்குப் போன் போட்டு இங்கிலீஷிலேயே விளாசுகிற ஆள் இவள். கட்டடத்து ஓனர் தண்ணீரை நிறுத்தியபோது கட்டடமே வாயடைத்து நிற்க, இவள் ஒருத்திதான் இங்கிலீஷில் நாலு வார்த்தை கேட்டு அவரைப் படியிறங்க வைத்தாள்.

"சிரிக்காதே. பேசுறது வேற. பேச்சு காதால வந்தது. டாக்டர் பேசுறதையும் நர்ஸ் பேசுறதையும் கேட்டுக் கேட்டு வந்தது. எழுத்தைக் காட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு எழுத்துகூட."

டியூஷனுக்குச் சிரிப்பு போய் வேறென்னவோ வந்தது. தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்புவரை ஒரு வரி விடாமல் படிப்பவள் நாத்தனார். ஆனால் இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தால் மட்டும் கண்ணாடி கீழ்வீட்டில் இருக்கும். "நீ படி, நான் கேக்குறேன்" என்று சோபாவில் சாய்ந்து காலை ஆட்டுவாள். திமிர், தம்பி பெண்டாட்டியை வேலை வாங்குகிற திமிர், என்று இத்தனை வருஷமும் டியூஷன் உள்ளுக்குள் பொருமியிருக்கிறாள். அது திமிரே இல்லை என்று தெரிந்ததும் பொருமினதெல்லாம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் நின்றது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரித் தரையில் நிறக் கோடுகள் இருந்தன. பச்சைக் கோட்டைப் பிடித்துப் போனால் எக்ஸ்ரே, நீலத்தைப் பிடித்துப் போனால் ஸ்கேன். நோயாளியோடு கொடுக்கும் சீட்டின் மூலையிலும் அதே நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். எழுத்தே வேண்டாம், கண்ணிருந்தால் போதும். இப்போது தரையைப் புதுசாக்கி, கோட்டையெல்லாம் பெயர்த்துவிட்டார்கள். சீட்டு கம்ப்யூட்டரில் வெள்ளை வெளேரென்று வருகிறது. பிரிவுகளுக்கெல்லாம் இங்கிலீஷில் சுருக்கப் பெயர், வாசலுக்கு வாசல் பலகை. மாசக் கடைசியில் தலைமை நர்ஸான மேட்ரன் ஒவ்வொரு ஆளோடும் கூடவே நடந்து வந்து பார்க்கப்போகிறார். சீட்டைப் படித்துச் சரியான இடத்துக்கு நோயாளியைக் கொண்டுபோகத் தெரியாதவர்கள் அடித்தளத்துச் சலவைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

"போனாப் போகுதுன்னு விட்டுட முடியல. அங்கே பிளீச்சிங் நெடி. ஒரு தடவை துணி கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்ததுக்கே நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்."

தெரியும். நாத்தனாருக்கு இழுப்பு உண்டு. அந்தத் தடவை அவள் படியில் உட்கார்ந்து, வாயில் இன்ஹேலரை வைத்துக்கொண்டு, கண் பிதுங்க மூச்சுக்குத் தவித்ததை டியூஷன்தான் முதுகைத் தடவியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சலவைப் பிரிவுக்குப் போனால் இவள் ஒரு மாசம் தாங்கமாட்டாள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற ரகமும் இல்லை. தம்பி சம்பாத்தியத்தில் ஒரு வாய் காப்பி குடித்தால்கூடப் பதிலுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வந்து வைத்துவிடுபவள்.

"உங்க தம்பிகிட்டே சொன்னா அவரே..."

"அவன்கிட்டே மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன். அவனைப் படிக்க வெச்சது நான். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவன் வாயால கேக்கணுமா?"

அன்றிலிருந்தே பாடம் தொடங்கியது. சின்னப் பிள்ளை தப்பாகப் படித்தால் காதைத் திருகலாம். நாத்தனார் காதைத் திருக முடியுமா? போதாததற்கு நாள் வேறு குறைவு. கணவன் வரும் முன் பாடம் முடிய வேண்டும். ஒரு நாள் அவன் சீக்கிரமே வந்துவிட, இருவரும் கரும்பலகைக்கு முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். "ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களா?" என்றான். "ஆமா" என்றார்கள் ஒரே குரலில். அவனும் நிம்மதியாகக் குளிக்கப் போய்விட்டான்.

நாத்தனார் சாதாரண மாணவி இல்லை. எடுத்ததற்கெல்லாம் கேள்வி. கத்திக்கு இங்கிலீஷில் முன்னால் ஒரு எழுத்து சும்மா நிற்கிறது, அதை வாசிக்கக் கூடாது என்றதும் பொரிந்து தள்ளினாள்.

"வாசிக்கக் கூடாதுன்னா எதுக்கு வெச்சிருக்கான்?"

"அது அப்படித்தான் அண்ணி."

"வேலையே செய்யாம நிக்கிறவனை எங்க ஆஸ்பத்திரியில சூப்பர்வைசர்னு சொல்லுவாங்க."

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் நாள்காட்டி கண்ணில் பட்டுச் சிரிப்பு உள்ளே போனது. இந்த வேகத்தில் போனால் நாத்தனார் சலவைப் பிரிவில் போய்த்தான் எழுத்துக் கூட்டுவாள் என்று டியூஷனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தில்தான் அந்தக் குறுக்கு வழி தோன்றியது. நாத்தனார் கொண்டுவந்த பட்டியலைப் பார்த்து, ஆஸ்பத்திரிச் சுருக்கப் பெயர்களை ஒவ்வொன்றாக அட்டையில் இங்கிலீஷில் எழுதி, அடியில் தமிழில் அதன் உச்சரிப்பை எழுதிக் கொடுத்தாள். எக்ஸ்.ஆர். என்றால் எக்ஸ்ரே. சி.டி. என்றால் ஸ்கேன். நாத்தனார் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அட்டைகளைச் சீட்டுக்கட்டுபோல் விசிறிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் கட்டு முழுவதும் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. "பரவாயில்லையே, உனக்கும் சொல்லிக் குடுக்க வருது" என்றாள். நாத்தனார் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து டியூஷன் கேட்டதே இல்லை. தலைகால் புரியவில்லை அவளுக்கு.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு மத்தியானம், டூட்டி முடிகிற நேரம்கூட ஆகவில்லை, நாத்தனார் வாசலில் நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"ஒரு பெரியவரைக் கொண்டுபோனேன். சீட்டுல பி.டி. பாத்ததும் தெரிஞ்சுது, நீ எழுதிக் குடுத்த அட்டைதான். பி.டி.ன்னா பிசியோதெரபி. கொண்டுபோய் விட்டேன். அவங்க அவரைக் கம்பியைப் பிடிச்சு நிக்க வெச்சாங்க. நின்னவர் அப்படியே முட்டி மடங்கிச் சரிஞ்சுட்டாரு."

"ஐயையோ."

"தாங்கிப் பிடிச்சுட்டாங்க. அப்புறம் சீட்டை வாங்கிப் பாத்தா, அவருக்கு உடம்புல ரத்தமே இல்லையாம். ரத்தம் ஏத்துற ரூமுக்குக் கொண்டுபோக வேண்டிய ஆளு. அதுவும் பி.டி.தானாமே? கண்ணாடி போடலன்னு சொல்லிச் சமாளிச்சேன். நானே அவரை அங்கே கொண்டுபோய், பாட்டில்ல இருந்து ரத்தம் சொட்ட ஆரம்பிக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டு வந்தேன். அவரு என் கையைப் பிடிச்சுத் தேங்க்ஸ் சொல்றாரு. எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கலாம்போல இருந்துச்சு."

அவள் கைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து மேஜையில் போட்டாள். டியூஷன் பார்த்தாள். பார்த்ததும் காதுமடல் சுட்டது. இரண்டு அட்டையிலும் மேலே இங்கிலீஷ் எழுத்து வேறு வேறு. ஒன்று 'பஸ்'ஸுக்கு வருகிற பி, இன்னொன்று 'பென்சில்' என்பதற்கு வருகிற பி. அடியில் தமிழில், அவளுடைய அழகான டீச்சர் கையெழுத்தில், இரண்டிலும் ஒரே மாதிரி: பி.டி. தமிழில் இரண்டு பி-க்கும் ஒரே எழுத்துதானே! நாத்தனார் இங்கிலீஷைப் படிக்கவே இல்லை. அடியில் இருந்த தமிழைத்தான் படித்தாள், ஒரே அட்டை ரெண்டு தடவை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேலே இருக்கிற கோணல்மாணல் எழுத்தை அவள் எதற்கு ஏறிட்டுப் பார்க்கப்போகிறாள்?

"விடு. எனக்கு மண்டையில ஏறாது. சலவைக்கே போறேன்" என்றாள் நாத்தனார்.

டியூஷன் அட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் இந்தக் கதை கல்யாணம் காதுகுத்து என்று ஒரு வீடு பாக்கி இல்லாமல் போகும். 'எங்க வீட்டு டீச்சரம்மா சொல்லிக் குடுத்த லட்சணத்துல ஒரு மனுஷன் விழுந்தான்' என்று நாத்தனார் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வது இப்போதே கேட்டது. விழுந்த பெரியவரை நினைத்தாள்.

"அண்ணி, தப்பு உங்க மேல இல்ல. நான் எழுதினதுலதான். ரெண்டும் வேற வேற எழுத்து. ரெண்டுக்கும் கீழே ஒரே மாதிரி எழுதிட்டேன்."

நாத்தனார் அட்டையைக் கையில் எடுத்தாள். கண்ணாடியைப் போட்டாள். ஒன்றை மாற்றி ஒன்று பார்த்தாள். டியூஷன் இடி விழக் காத்திருந்தாள்.

"அப்போ எனக்கு மூளை இருக்குங்கிறே?"

"இருக்கு அண்ணி."

"பஸ்ஸுல வரும்போது பூரா, இல்லவே இல்லன்னு அழுதுட்டு வந்தேன்டி" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். டியூஷனும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே தரையில் ஒட்டி உட்கார்ந்தது அன்றுதான்.

அழுகை ஓய்ந்ததும் நாத்தனார் பழையபடி நாத்தனார் ஆனாள். "கத்தரிக்கோலை எடு. இந்தத் தமிழ் வாலையெல்லாம் வெட்டு" என்றாள். ஒவ்வொரு அட்டையிலும் அடிப்பக்கம் போனது. இரண்டு பி-க்கும் அவளே பெயர் வைத்தாள். ஒன்றுக்கு ரெட்டைத் தொப்பை, இன்னொன்றுக்கு ஒத்தைத் தொப்பை. ரெட்டைத் தொப்பை நன்றாகச் சாப்பிட்டு ரத்தம் ஊறின உடம்பு, அது ரத்தத்துக்கு. ஒத்தைத் தொப்பை எக்சர்சைஸ் பண்ணி ஒரு தொப்பையைக் குறைத்த ஆள், அது பிசியோவுக்கு. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத இந்த முறை டியூஷனின் அட்டைகளைவிட நன்றாகவே வேலை செய்தது.

அப்போதுதான் அவள் தன் யூனிபாரத்தில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் குனிந்து பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்ததால் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஏய், என் பேருக்கு எந்த பி?"

"ஒத்தைத் தொப்பை, அண்ணி."

"இதுல ரெட்டைத் தொப்பை போட்டிருக்கானே பாவி!"

உண்மைதான். பேர் அடித்தவன் மாற்றி அடித்திருக்கிறான். "இத்தனை வருஷமா எவளோ ஒருத்தி பேரைக் குத்திக்கிட்டுத் தள்ளியிருக்கேன். அவளுக்குச் சம்பளம் குடுக்கலையேன்னு சந்தோஷப்படணும்." இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ஆனால் தமிழ் வாலை வெட்டியதில் ஒரு ஆபத்தும் வந்து சேர்ந்தது. எக்ஸ்பிரஸ் கூட்ஸ் வண்டியாகிவிட்டது. முன்பெல்லாம் அட்டையைப் பார்த்த நொடியில் சொன்னவள், இப்போது ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, உதட்டை அசைத்து, நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து வந்தாள். சரியாகத்தான் சொன்னாள். சொல்வதற்குள் டியூஷன் தன் விரல் நகத்தையெல்லாம் தின்று முடித்தாள். மேட்ரனுக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா? பால் பொங்கி வழிந்தது. பிள்ளைகளுக்குக் கழித்தலைக் கூட்டலாகச் சொல்லிக் கொடுத்தாள். "உடம்பு சரியில்லையா?" என்று கணவன் கேட்டபோது அவன் மேலே எரிந்து விழுந்தாள். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

அந்த நாள் வந்தது. "நீ வரக் கூடாது" என்று நாத்தனார் கண்டிஷனாகச் சொல்லியிருந்தாள். டியூஷனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வெளி நோயாளிகள் வரிசையில் ஒரு நாற்காலியில், நோயாளி மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே நீண்ட வராந்தா. அது முடிகிற இடத்தில் இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை. இடது ஒத்தைத் தொப்பை. வலது ரெட்டைத் தொப்பை. வேறு எந்த இடமும் கிடைக்காமல் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்களே என்று கட்டடம் கட்டியவனை மனசாரத் திட்டினாள்.

நாத்தனார் வந்தாள். சக்கர நாற்காலியில் ஒரு இளைஞன், வலது காலில் முழங்காலுக்கு மேல்வரை கட்டு. பக்கத்தில் மேட்ரன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் வந்தார். பிரிகிற இடத்தில் நாத்தனார் நின்றாள். கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். திரும்பச் சீட்டைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர் ஒதுங்கிக்கொண்டு போனார். மேட்ரன் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

டியூஷனால் தாங்க முடியவில்லை. காலில் அவ்வளவு பெரிய கட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிசியோதான். அவளையும் அறியாமல் கை எழும்பியது. இடப்பக்கம் காட்டினாள், முகவாயாலும் காட்டினாள். அதே சமயம் நாத்தனார் நிமிர்ந்தாள். பார்த்துவிட்டாள். ஒரு கணம் அவள் முகம் அப்படியே நின்றது. நாற்காலியின் முன் சக்கரம் இடப்பக்கமாகக் கொஞ்சம் திரும்பியது. டியூஷனுக்கு உயிர் வந்தது.

சக்கரம் அங்கேயே நின்றது. நாத்தனார் மறுபடியும் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். உதடு அசைந்தது. பிறகு கைப்பிடியைப் பிடித்து நாற்காலியை முழுக்கத் திருப்பி, வலப்பக்கம் போய்விட்டாள். மேட்ரன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பின்னாலேயே போனார்.

முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று டியூஷன் நாற்காலியில் சரிந்தாள். நான் வந்ததுதான் கெடுத்துவிட்டது. என்னைப் பார்த்துப் பதறித்தான் மாற்றிப் போய்விட்டாள். படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்த முகம் கண்முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் இருந்த அம்மாள், "ரொம்ப முடியலையா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மேட்ரன் மட்டும் தனியாகத் திரும்பி வந்து, அவளைக் கடந்து போனார். அந்த முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, நேரே டியூஷன் முன்னால் நிறுத்தினாள்.

"வராதேன்னு சொன்னேன்ல?"

"அண்ணி, என்ன ஆச்சு?"

"கால்ல கட்டைப் பாத்துட்டுக் கை காட்டினியா?"

டியூஷன் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"ஆக்சிடென்ட்டுல அந்தப் பையனுக்கு ஏகப்பட்ட ரத்தம் போயிருக்கு. ரத்தம் ஏத்தத்தான் அனுப்பியிருக்காங்க. நீ காட்டின பக்கம் கொண்டுபோயிருந்தா அவனையும் கம்பியைப் பிடிச்சு நிக்க வெச்சிருப்பாங்க."

"மேட்ரன் என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் டியூஷன்.

"ஸ்லோன்னாங்க. ஸ்லோவானாப் பரவாயில்ல, தப்பா போகாம இருந்தாச் சரின்னுட்டாங்க. நாளைக்கும் இங்கேதான் டூட்டி."

சொல்லிவிட்டு நாத்தனார் நோயாளி உட்கார வேண்டிய அந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நீ கை காட்டினதைப் பாத்தேன். டீச்சர் சொல்றாளே, அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப்போகுதுன்னு திரும்பிட்டேன்கூட."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, படிச்சுப் பாத்தேன்" என்றாள் நாத்தனார்.